டேங் ஸ்க்ரூ ஒவ்வொரு முறையும் லூசாகிறது, எவ்வளவுதான் டைட் வைப்பது?

ராயபுரம்_பேரன்:

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து வின்செஸ்டர் 94 லீவர் ரைபிள் ஒன்று இருக்கிறது, 30-30. லைசென்ஸ் முறைப்படி என் பெயருக்கு மாறியாயிற்று, அதனால் அந்தப் பஞ்சாயத்தை இங்கே வைக்க வேண்டாம். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்ற பேச்சே கிடையாது. எப்போதாவது ரேஞ்சுக்குப் போகும், மற்ற நாளெல்லாம் பூட்டிய அலமாரியில் சும்மா நிற்கும்.

தொல்லை தோளில் வைக்கும் மரக் கட்டைப் பக்கம். சுத்தியலுக்குப் பின்னால் இரும்புப் பட்டை ஒன்று வாலாக நீண்டு கட்டைக்குள் பதிந்திருக்குமே, டேங் என்பார்கள், அதன் மேலிருந்து இறங்கிக் கட்டையைத் துளைத்துக்கொண்டு கீழ்ப் பட்டையில் போய்ப் பிடிக்கும் ஒற்றை ஸ்க்ரூ, அதுதான் படுத்துகிறது. நன்றாக டைட் வைத்துவிட்டுப் போனாலும் கொஞ்சம் ரவுண்டு சுட்ட உடனே கட்டை லேசாக ஆட ஆரம்பித்துவிடுகிறது. திரும்ப முறுக்குகிறேன், திரும்ப ஆடுகிறது. வலப் பக்கம் தோட்டா போடும் வாயின் கதவைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவும் அவ்வப்போது வெளியே எட்டிப் பார்க்கிறது. போதாக்குறைக்கு எனக்கு முன்னால் யாரோ கைக்குக் கிடைத்த திருப்புளியை வைத்துத் திருகியிருக்கிறார்கள், டேங் ஸ்க்ரூவின் தலையில் திருப்புளி வைக்கும் வெட்டு ஒரு பக்கம் பிதுங்கி நிற்கிறது.

நண்பன் ஒருவன் கை வலிக்கும்வரை முறுக்கு என்கிறான், இன்னொருவன் ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை இருக்கிறதே, லாக்டைட், அதில் சிவப்பை ஊற்றிவிட்டு மறந்துவிடு என்கிறான். எந்தத் திருப்புளி, எவ்வளவு முறுக்கு, லாக்டைட் போடலாமா கூடாதா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வியாசர்பாடி_லேத்து:

முதலில் துப்பாக்கி காலியா என்று பாருங்கள், சும்மா சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. லீவர் ரைபிளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள டியூபில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். குழலின் பின்முனையில் தோட்டா வெடிக்கும் அறையை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுக் காலி என்று முடிவு கட்டினால், டியூபில் ஒன்றோ, தோட்டாவைத் தூக்கிவிடும் கேரியர் மேல் ஒன்றோ கண்ணில் படாமல் உட்கார்ந்திருக்கலாம். லீவரை முழுசாகப் பல தடவை இயக்கி, கதவை அமுக்கி உள்ளே பார்த்து, அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிய பிறகு திருப்புளியைத் தொடுங்கள். தோட்டாப் பெட்டி அடுத்த அறையில் இருக்கட்டும்.

அப்புறம் திருப்புளி. மண்ணடியிலோ பிராட்வேயிலோ வாங்கும் சாதாரணத் திருப்புளியைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், நுனி மெல்லிசாகத் தொடங்கி மேலே போகப் போகத் தடித்துக்கொண்டே போகும். ஸ்க்ரூவின் வெட்டு அப்படி இல்லை, சுவர் நேராக இறங்கும். பள்ளத்தில் ஆப்பு வைத்த மாதிரி இரண்டும் மேல் விளிம்பில் மட்டும்தான் தொடுகின்றன. முறுக்க முறுக்கத் திருப்புளி மேலே ஏறும், ஏறும்போது விளிம்பையும் பிய்த்துக்கொண்டு வரும். உங்கள் ஸ்க்ரூவில் பிதுங்கி நிற்பது அதுதான். துப்பாக்கி வேலைக்கு என்று ஹாலோ கிரவுண்ட் திருப்புளி தனியாக விற்கிறார்கள், அதில் நுனியின் இரண்டு முகமும் இணையாக இருக்கும், வெட்டின் அடிவரை போய் உட்காரும். வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு பழைய டபாரியா திருப்புளியை எடுத்துக்கொண்டு வாருங்கள், பத்து நிமிஷ வேலை. கிரைண்டிங் வீலின் வளைவில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொடுத்து, சூடு ஏற விடாமல் தண்ணீரில் முக்கி முக்கி எடுக்க வேண்டும். நுனி நீலம் பாய்ந்துவிட்டால் டெம்பர் போயிற்று, அந்த நுனி இனி வளையும். கடைசியில் ஆயில் ஸ்டோனில் தேய்த்துத் தேய்த்து, வெட்டில் வைத்துக் கையை எடுத்தால் சாயாமல் நிற்கிற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அகலம் ஸ்க்ரூ தலையைவிட இம்மி குறைவாக இருக்கட்டும், கூடினால் சுற்றியிருக்கிற டேங்கில் வட்டமாகக் கீறல் விழும், அது காலத்துக்கும் தெரியும்.

பிதுங்கிய விளிம்பை அரம் போட்டு எடுத்துவிடாதீர்கள். உலோகம் எங்கேயும் போய்விடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. ஸ்க்ரூவைக் கழற்றி, மறை கெடாதபடி செம்புத் தகடு வைத்து வைஸில் பிடித்து, பளபளப்பாகத் தீட்டிய சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி உள்ளே தள்ளினால் முக்கால்வாசி பழையபடி உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று. இது அமெரிக்கத் துப்பாக்கி, மறையெல்லாம் இன்ச் கணக்கு. கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று கடையில் கிடைக்கும் மெட்ரிக் ஸ்க்ரூவை உள்ளே விட்டுத் திருகினால் டேங்கில் இருக்கும் மறையே போய்விடும். புது ஸ்க்ரூ வேண்டுமென்றால் அந்த மாடலுக்கான ஸ்க்ரூதான்.

திருப்புளி செய்து தருவேன், ஆனால் துப்பாக்கியைப் பட்டறைக்குக் கொண்டுவர வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி ரிப்பேருக்கே தனி லைசென்ஸ் வேண்டும், எங்கள் மாதிரி லேத்துப் பட்டறையில் அது கிடையாது.


காசிமேடு_காத்து:

தோல் உறையில் போட்டு வைத்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள் பாஸ். நம்ம பக்கம் அடிக்கிற உப்புக் காற்றுக்குத் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உள்ளே இருக்கிற ஸ்க்ரூ தலையெல்லாம் துருப்பிடித்துவிடும். துருப்பிடித்த ஸ்க்ரூவுக்கு எந்தத் திருப்புளியும் உதவாது.


பெரம்பூர்_பழைய_ஃபிட்டர்:

ராயபுரம் தம்பி, எவ்வளவு டைட் என்று எல்லாரும் கேட்கிறார்கள், எதை எதோடு சேர்த்துப் பிடிக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

ஸ்க்ரூவை முறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும், அந்த இழுவிசைதான் இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது. நீ கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழப் பாதி தலைக்கு அடியில் உராய்வில் போய்விடும், இன்னொரு 40 சதவீதம் மறையில் உராய்வில் போய்விடும், மிச்சம் 10 சதவீதம்தான் ஸ்க்ரூவை இழுக்கிறது. இதனால்தான் எண்ணெய் விவகாரம் பெரிய விவகாரம். காய்ந்த மறைக்குச் சொன்ன டார்க்கை, அதாவது முறுக்கு அளவை, எண்ணெய் ஊறிய மறையில் வைத்தால் உராய்வு குறைந்து, இழுவிசை எங்கேயோ போய்விடும். சின்ன ஸ்க்ரூ கழுத்தோடு முறிந்து கையில் வருவது பெரும்பாலும் இப்படித்தான், கைபலத்தால் இல்லை.

இரும்பும் இரும்பும் என்றால் இந்தக் கணக்கு நிற்கும். உன் டேங் ஸ்க்ரூவில் நடுவில் இருப்பது மரம். மரம் அமுங்கும். மழைக்காலத்தில் ஊதும், மே மாசத்தில் சுருங்கும், அமுங்கிய இடம் மட்டும் திரும்பி வராது. ஒவ்வொரு முறையும் கூடுதலாக முறுக்குவது என்றால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மரத்தை நசுக்குகிறாய் என்று அர்த்தம். கடைசியில் டேங் முடிகிற இடத்தில் கட்டை விரிசல் விடும்.

ஸ்க்ரூ தானாகக் கழல்வது வேறு சமாச்சாரம். ஜெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன்காரர் 1969-ல் அதைக் காட்டினார். நேர்க்கோட்டில் இழுப்பதைவிட, பிடித்திருக்கும் பாகங்கள் பக்கவாட்டில் வழுக்கி வழுக்கி ஆடுவதுதான் ஸ்க்ரூவைத் திருப்பிக் கழற்றுகிறது. பாகம் வழுக்காமல் இருந்தால் ஸ்க்ரூ பாட்டுக்கு இருக்கும்.

இரண்டில் உனக்கு எது என்று கண்டுபிடிக்கச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. வீட்டில் நகப்பூச்சு இருக்கும், ஸ்க்ரூ தலையிலிருந்து டேங் வரைக்கும் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடு. ரேஞ்சுக்குப் போய் வா. கோடு உடைந்து விலகியிருந்தால் ஸ்க்ரூ கழல்கிறது. கோடு அப்படியே இருக்க, கட்டை மட்டும் ஆடினால் ஸ்க்ரூவின் மேல் தப்பே இல்லை, அதற்கடியில் ஏதோ இளகிக்கொண்டிருக்கிறது. அதுவரை லாக்டைட் பாட்டிலைத் திறக்காதே.

முறுக்கும்போது கைப்பிடியை முஷ்டியில் பிடிக்காதே, கட்டைவிரலும் இரண்டு விரலும் போதும். ஸ்க்ரூ போய் உட்கார்ந்ததும் கையில் சட்டென்று ஒரு நிற்றல் தெரியும், அதற்கு மேல் கொஞ்சமாக ஒரு அழுத்தம், அவ்வளவுதான்.


ராயபுரம்_பேரன்:

ஃபிட்டர் ஐயா சொன்னபடி கோடு போட்டுக்கொண்டு போனேன். வந்து பார்த்தால் கோடு போட்டது போட்டபடி இருக்கிறது, கட்டை மட்டும் ஆடுகிறது! கதவு ஸ்க்ரூவில் போட்ட கோடு மட்டும் விலகியிருக்கிறது.

லேத்து அண்ணன் செய்து கொடுத்த திருப்புளியால் டேங் ஸ்க்ரூவைக் கழற்றினேன், வெட்டில் ஒரு கீறல் இல்லை. கட்டையைப் பின்னால் உருவிப் பார்த்தால், இரும்போடு ஒட்டுகிற முகம் முழுக்கக் கன்னங்கரேல் என்று இருக்கிறது. நகத்தால் அழுத்தினால் பதிகிறது. கையில் பிசுபிசுப்பு, பழைய எண்ணெய் வாடை. இது என்ன, மரம் உளுத்துவிட்டதா?


ஹூஸ்டன்_மச்சான்:

உளுக்கவில்லை, எண்ணெய் குடித்திருக்கிறது. நான் தண்டையார்பேட்டைக்காரன், இப்போது டெக்சாஸில், இங்கே என்னிடம் ஒரு மார்லின் 336 இருக்கிறது. பழைய லீவர் ரைபிள் பத்து பார்த்தால் அதில் சிலவற்றுக்காவது இந்த வியாதி இருக்கும். துப்பாக்கியை அலமாரியில் எப்படி நிறுத்துகிறீர்கள்? குழல் மேலே, கட்டை கீழே, அப்படித்தானே. பாசத்தில் மெக்கானிசத்துக்குள் தாராளமாக விட்ட எண்ணெயெல்லாம் மெதுவாக வழிந்து வந்து கட்டையின் தலைப்பகுதியில்தான் தேங்கும். வருஷக்கணக்கில் ஊறிய மரம் பஞ்சாகிவிடும். இந்த ரைபிள்களில் கட்டை இரண்டு துண்டு, சுடும்போது பின்னால் வரும் உதை முழுவதையும் அந்தச் சின்ன முகம்தான் வாங்குகிறது. பஞ்சான மரத்தை உதை நசுக்கும், இடைவெளி விழும், ஸ்க்ரூ இருக்கிற இடத்திலேயே இருக்க, கட்டை ஆடும்.

இதற்குச் செய்வது, எண்ணெயை வெளியே இழுப்பது. வைட்டிங் என்று இங்கே சொல்கிற சுண்ணாம்புக்கல் தூளை அசிட்டோனில் களியாகக் கரைத்துப் பூசி வைத்தால், அசிட்டோன் ஆவியாகும்போது எண்ணெயையும் தூளுக்குள் இழுத்துக்கொண்டு வரும். தூள் பழுப்பாக மாறும், உதிர்த்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டும், தூள் வெள்ளையாகவே காயும்வரைக்கும். அசிட்டோன் குப்பென்று பற்றும், மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் பூஜை விளக்குகூட இருக்கக் கூடாது. அப்புறம் எபாக்சியால் பெடிங், அதாவது இரும்புக்கு மெழுகு தடவி, மரத்தின் முகத்தில் அரால்டைட் மாதிரி ஒன்றைப் பூசிக் கட்டையை மாட்டிவிட்டால், காய்ந்ததும் இரும்பின் அச்சு மரத்தில் அப்படியே விழுந்திருக்கும், உதை முகம் முழுக்கப் பரவும். மேல் டேங்கின் வால் நுனிக்குப் பின்னால் மட்டும் ஒரு காகிதம் நுழையும் அளவு இடம் விட வேண்டும். அங்கே முட்டினால் வால் உளியாகி மரத்தைப் பிளந்துவிடும்.

இனிமேல் எண்ணெய் துணியில் தொட்டுத் துடைப்பதோடு சரி. சுத்தம் செய்த பிறகு கொஞ்ச நாளைக்குக் குழல் கீழே பார்க்கும்படி நிறுத்துங்கள்.

முறுக்குக் கணக்கு கேட்டீர்களே, இங்கே இன்ச்-பவுண்டில் அளக்கும் டார்க் திருப்புளி கிடைக்கிறது. தொலைநோக்கி மாட்டும் ஸ்கோப் பேஸ் மாதிரி இரும்பில் போகும் சின்ன ஸ்க்ரூவுக்கு 15 முதல் 20 இன்ச்-பவுண்டு என்பது வழக்கம், நியூட்டன் மீட்டரில் சுமார் 1.7 முதல் 2.3. கருவியில் நியூட்டன் மீட்டர் மட்டும்தான் என்றால் இன்ச்-பவுண்டு எண்ணை 8.85-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். மரம் நடுவில் இருக்கிற டேங் ஸ்க்ரூவுக்கு நான் எண்ணை நம்புவதில்லை, ஃபிட்டர் ஐயாவின் மூன்று விரல்தான். குழலையும் டியூபையும் சேர்த்துப் பிடித்திருக்கும் வளையங்களின் ஸ்க்ரூவும் அப்படியே. வளையத்தை இறுக்கிக் கட்டினால் குழல் சூடேறி நீளும்போது இழுபட்டு, குண்டு விழும் இடம் மேலும் கீழும் அலையும்.

கதவு ஸ்க்ரூ மட்டும் நிஜமாகவே கழல்கிறது. அதற்கு ஊதா லாக்டைட் 222, சின்ன ஸ்க்ரூவுக்கென்றே வந்தது. மறையை அசிட்டோனில் துடைத்துவிட்டு நுனியில் ஒரு சொட்டு, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். சிவப்பு எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், அதைக் கழற்ற 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு காட்ட வேண்டிவரும், நீலப் பாலிஷுக்குப் பக்கத்தில் டார்ச்சைக் கொண்டுபோக யாருக்கு மனசு வரும்?


வியாசர்பாடி_லேத்து:

மச்சான், ஊதாகூட வேண்டாம் என்பேன். கோடு போட்ட அதே நகப்பூச்சை மறையில் ஒரு தீற்று தீற்றினால் அந்தச் சின்ன ஸ்க்ரூ நிற்கும், கழற்றவும் சுலபம், கழன்றால் கண்ணுக்கும் தெரியும். லாக்டைட் போட்டவர்கள் பாதிப் பேர் மூன்று சொட்டு விட்டு, அது வழிந்து பக்கத்து ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்ட பிறகு எங்களிடம் ஓடி வருகிறார்கள்.


ஹூஸ்டன்_மச்சான்:

காற்று பட்டுக்கொண்டிருந்தால் லாக்டைட் இறுகாது அண்ணே, இரும்புக்கு நடுவில் காற்றில்லாமல் மாட்டிக்கொண்டால்தான் இறுகும். பாட்டிலை முழுசாக நிரப்பாமல் விற்பதே அதனால்தான். ஆனால் மூன்று சொட்டு விட்டால் இடுக்கெல்லாம் புகுந்துகொள்ளும் என்பது சரிதான். ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டு.


ராயபுரம்_பேரன்:

இரண்டு பேருக்கும் நன்றி, இப்போதைக்கு நகப்பூச்சு, திரும்பக் கழன்றால் ஊதா. ஒரே ஒரு சந்தேகம். கழற்றும் முன்னால் டேங் ஸ்க்ரூவின் வெட்டு குழலுக்கு நேர்க்கோட்டில் அழகாக நின்றது. இப்போது மூன்று விரல் டைட்டில் கொஞ்சம் கோணலாக நிற்கிறது. நேராக வருகிறவரை இன்னும் கொஞ்சம் தள்ளலாமா? அப்புறம், அந்த பெடிங்கை நானே செய்யலாமா?


பெரம்பூர்_பழைய_ஃபிட்டர்:

தள்ளாதே. விலை உயர்ந்த ஆங்கிலேய டபுள் பேரல் துப்பாக்கிகளில் வெட்டெல்லாம் குழலுக்கு நேராக நிற்கும், உண்மைதான். ஆனால் அதற்காக அவர்கள் கூடுதலாக முறுக்குவதில்லை. சரியான டைட்டில் வெட்டு எங்கே வந்து நிற்கும் என்று பார்த்து, தலையின் அடிப்பக்கத்தைத் தேய்த்துச் சரிசெய்து, அதன் பிறகுதான் வெட்டையே போடுவார்கள். உன்னுடையது கோணலாக நின்றால் நிற்கட்டும். பெடிங் முடிந்ததும் அது வேறு இடத்தில் வந்து நிற்கும், நகப்பூச்சுக் கோட்டை அப்போது புதிதாக இழுத்துக்கொள்.

பெடிங்கை நீ செய்யாதே. எண்ணெய் எடுப்பது வரைக்கும் தனிக் கட்டையில் செய்கிற வேலை, அதைச் செய்துகொள். அதற்கு மேல் லைசென்ஸ் உள்ள ரிப்பேர்க்காரரிடம், உன் லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு போ, கொடுத்ததற்கு ரசீது வாங்கு. டேங் வாலுக்குப் பின்னால் இடம் விடச் சொல்லி நீயே வாய்விட்டுச் சொல், தெரியும் தெரியும் என்று தலையாட்டினாலும் திரும்ப வாங்கும்போது ஒரு காகிதத்தை நுழைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடு.